சிற்றுயிர் வளர்ப்போம் – 9: நனைந்த மோவாய்

சென்ற வாரம் கினிப் பன்றியைப் பார்த்தோம். இந்த வாரம் அதன் மலைநாட்டு உறவான சின்சில்லா.

ஆண்டிஸ் மலையின் குளிரும் வறட்சியும் வார்த்தெடுத்த உடம்பு இது. 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து ஒரு டஜனுக்கு மேற்படாத சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். அமெரிக்க வீடுகளில் இன்று வளர்பவை பெரும்பாலும் அவற்றின் வழிவந்தவையே. கூண்டுக்கு வந்து நூறாண்டாகியும் உடம்பு மலையை மறக்கவில்லை. வளர்ப்பவர்கள் சந்திக்கும் தொல்லைகளில் பாதி இதனால் வருவதுதான்.

முதல் எதிரி வெப்பம். ஒரே மயிர்க்காலில் ஐம்பது, அறுபது முடி முளைக்கும் அடர்த்தியான ரோமம், வியர்வையும் கிடையாது. வியர்க்காத உடம்பை மின்விசிறி குளிர்விக்காது. அறை 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆபத்து. காற்றில் ஈரம் கூடினால் இன்னும் மோசம். காது சிவந்து, மூச்சிரைத்து, ஒருக்களித்துக் கிடந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அடுத்தது பல். இருபது பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்த புல்லை நாள் முழுதும் அரைத்து மென்றால்தான் தேயும். உலர்திராட்சையும் விதைகளும் கொடுத்துச் செல்லம் கொஞ்சினால் தேயாது. கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வேர் மேலேறிக் கண்ணில் நீர் வடியும். முன்பல் ஆரஞ்சு நிறத்தில் ஒழுங்காகத் தெரிவதால் வெளிப்பார்வைக்கு எதுவும் பிடிபடாது. மோவாய் ரோமம் எச்சிலில் நனைந்து பிசுபிசுத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நனைந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்-ரே எடுத்தால்தான் உள்ளே நடப்பது தெரியும்.

நடத்தையிலும் நோய் பேசும். விலாவிலும் இடுப்பிலும் ரோமம் கத்தரித்ததுபோல் குட்டையாகி, தலையும் கழுத்தும் மட்டும் பழையபடி இருந்தால், வாய்க்கு எட்டிய இடத்தையெல்லாம் அது தானே கடித்திருக்கிறது என்று பொருள். இரைச்சல், நெருக்கடி, சலிப்பு, பரம்பரை எனக் காரணம் பல. அதட்டுவதால் பயனில்லை. பகலில் தூங்க அமைதி, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, கடிக்கக் கட்டை, வாரம் சில முறை நுண்ணிய எரிமலைத் தூளில் புரள வாய்ப்பு ஆகியவற்றைக் கொடுங்கள். தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள்; அந்த ரோமம் எளிதில் காயாது. பாய்ந்து பிடித்தால் பயத்தில் கொத்தாக ரோமத்தை உதிர்த்துவிட்டு நழுவும். முழுதாக வளர மாதங்களாகும்.

வேட்டையாடப்படும் இனம் என்பதால் வலியைக் கடைசிவரை மறைக்கும். அதனால் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். புழுக்கையைத் தினமும் கவனியுங்கள். புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ, ஒருநாள் தின்னாமல் இருந்தாலோ குடல் நின்றுபோகும் அபாயம் உண்டு. வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்து வாய்வழியே போனால் குடலின் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுக்கும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து ஆண்டுகூட வாழும். வாங்கப்போகும் முன் உங்கள் ஊரில் இதற்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த மருத்துவர் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், ஆசை இருந்தாலும் வாங்காமல் இருப்பதே நாம் அதற்குச் செய்யும் நன்மை.

(அடுத்த வாரம்: முயல்)