மாளிகைக்கு பாத்ரூம் வைப்பது

பெருமாநல்லூர் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய தொட்டிக்கட்டு வீடு ஒன்று இருக்கிறது. நாலு பங்கு. முன்பகுதியை எட்டு வருடமாக ஒரு பனியன் கம்பெனிக்கு செக்கிங், பேக்கிங் வேலைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பாட்டி நெல் காயப்போட்ட தொட்டியைச் சுற்றி இப்போது டி-ஷர்ட் பண்டல்கள். கம்பெனி அடுத்த மார்ச்சில் காலி செய்கிறது. இடித்துவிட்டு ஷெட் போடலாம் என்பது பெரியப்பா கட்சி. "செட்டிநாட்டுல பழைய வீட்டையெல்லாம் ஓட்டலாக்கிட்டாங்க, நம்மளும் பண்ணலாமே" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வாயை விட்டது நான். "அப்ப நீயே போயி பாத்துட்டு வா கண்ணு" என்றார் பெரியப்பா.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மனைவி, மகளோடு கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாக கானாடுகாத்தான் போய்ச் சேர்ந்தோம். தங்கியது விசாலம் என்ற ஓட்டலில். ஒரு செட்டியார் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு அது. இப்போது நடத்துவது சி.ஜி.எச். எர்த். ஆர்ட் டெகோ பாணி. என் மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இது வீடு மாதிரி இல்ல, பழைய சினிமா தியேட்டர் மாதிரி இருக்கு" என்றாள். தப்பில்லை. அந்தக் காலத் தியேட்டர்கள் பலவும் இதே பாணிதான்.

அறை எங்கள் திருப்பூர் வீட்டு ஹாலை விடப் பெரியது. கட்டிலில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். மறுநாள் தெருக்களைச் சுற்றிப் பார்த்தபோதுதான், இப்படிக் கட்டில் போட்டுப் படுப்பதற்கான அறை செட்டிநாட்டு வீட்டில் எவ்வளவு அபூர்வம் என்று உறைத்தது.

வழக்கமான செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பு, திண்ணை, அதைத் தாண்டி வளவு, பிறகு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும். வளவு என்பது வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: "அதெல்லாம் படுக்குறதுக்கு இல்ல சார், பூட்டுறதுக்கு." மருமகள் கொண்டுவந்த பாத்திரமும் வெள்ளியும் அதற்குள் போகும். ஆட்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு. அதற்கு 'வேறு வைத்தல்' என்று பெயர். கூரை ஒன்று, அடுப்பு பல. கல்யாணம், சடங்கு, சரக்கு இவற்றுக்காகக் கட்டிய கட்டடம். தனிமைக்கு அதில் இடமே கிடையாது.

இவ்வளவு பெரிதாகக் கட்டப் பணம் வந்தது கடல் கடந்து. பர்மா, மலேயா, இலங்கை. இதில் பர்மா கணக்கு தனிக் கதை. அங்கே முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சுமார் 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கியதல்ல. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் வட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. பர்மிய விவசாயியின் கோபமும் கூடவே வந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்தது. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. பணம் வந்த வழி அடைபட்டது. தேக்கு உத்தரமும் இத்தாலி மார்பிளும் மட்டும் ஊரில் நின்றன.

திருப்பூர்க்காரனுக்கு இதை வரலாறாக மட்டும் படிக்க முடியாது. 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது பாதியில் நின்ற வீடுகளைப் பார்த்தவன் நான். நாங்களும் வெளியூர் ஆர்டரை நம்பிக் கட்டுகிறவர்கள்தான்.

செட்டிநாட்டில் நின்ற வீடுகளில் பல பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருப்பது பூரா பழம்பொருள் கடைகள். தூண், கதவு, எனாமல் தூக்குச்சட்டி, யாரோ ஒருவரின் கல்யாண போட்டோ. என் மனைவி ஒரு தூக்குச்சட்டியை எடுத்துப் பார்த்தாள், மூடியில் இனிஷியல் வெட்டியிருந்தது. வைத்துவிட்டாள்.

ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தும் ஓட்டலானவை ஏன் கொஞ்சமே? முதல் காரணம் பங்கு. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்கு ஐம்பது, நூறு பங்காளிகள் ஆகிவிடுவார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், நூறு பேரும் அப்ரூவ் பண்ணாமல் மெர்ஜ் ஆகாத கோடு. விசாலம் ஒரே ஒரு மகளுக்காகக் கட்டியது. காரைக்குடியின் பங்களா ஓட்டல், ஒரு குடும்பம் விருந்தினருக்கென்று வைத்திருந்த கட்டடம். இரண்டுமே வழக்கமான வளவு வீடுகள் இல்லை. அதனால்தான் முந்திக்கொண்டன என்பது என் யூகம்.

இரண்டாவது காரணம் பாத்ரூம். சிரிக்காதீங்க, இதுதான் நிஜமான இன்ஜினியரிங். அந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே பல பூச்சு; கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது, தொட்டால் இன்றும் சில்லென்று இருக்கும். சுண்ணாம்பு மூச்சு விடும்: உள்ளே ஏறிய ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்பு பூத்து, பூச்சு உப்பி விழும். அறைக்கு ஒரு பாத்ரூம் என்றால் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், இறங்கு சரிவு, தரையை உடைப்பது எல்லாம் உண்டு. உடைத்த தரைக்கு ஜோடி கிடைப்பது மட்டும் சுலபம், ஏனென்றால் ஆத்தங்குடிக் கல் இன்னும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறக்கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த மணல் சிமென்ட், அதன் மேல் ஈரக்கலவை. காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது.

திரும்பி வரும்போது காரில் கணக்குப் போட்டேன். செட்டிநாட்டுக்கு ஆட்கள் வருவது லீவு நாளில். திருப்பூருக்கு பையர்கள் வருவது வேலை நாளில். அவர்களுக்குத் தொட்டி முற்றத்தை விட வைஃபையும், ஃபேக்டரிக்குப் பக்கத்தில் இருப்பதும் முக்கியம். எங்கள் வீட்டில் நாலு அறை, நாலு பங்கு. ஓட்டல் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது.

ஞாயிறு சாயங்காலம் நேராக அங்கேதான் போனேன். தொண்ணூறுகளில் அப்பா பூசிய சிமென்ட் பூச்சு, பேக்கிங் டேபிளுக்குப் பின்னால் இடுப்பு உயரம் வரை உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். ஒரு பலகை அளவுக்கு அப்படியே கழன்று விழுந்தது. உள்ளே ஈரமாக, ஆனால் கெட்டியாக, தாத்தா காலத்துச் சுண்ணாம்பு.

பெரியப்பா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "என்ன கண்ணு, ஓட்டலா, ஷெட்டா?"

"ரெண்டும் இல்லீங் பெரியப்பா. மொதல்ல இந்தச் செவுத்தோட சிமென்ட்டை உரிச்சு ஒரு மழைக்காலம் உட்டுப் பாக்கலாமுங்க."

"அதுவரைக்கும் வாடகை ஆரு குடுப்பா?"

எட்டாயிரம் ரூபாய், என் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மற்ற மூன்று பங்கும் தீபாவளிக்கு வரும்போது பேசுவதாக ஏற்பாடு.