மாடியில் பிறந்த லாரிக் கம்பெனி: இதெல்லாம் தெரியுமா?

1899 டிசம்பர் 30. புத்தாண்டுக்கு இரண்டே நாள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பிளாக்வுட் மர்ரே, நார்மன் ஃபுல்டன் என்ற இரண்டு இளைஞர்கள், வேலை பார்த்துக்கொண்டிருந்த கார் கம்பெனியை உதறிவிட்டுச் சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் ஆல்பியன். ராஜாக்களும் நடிகர்களும் பவனி வரும் கார்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஊருக்கே மூட்டை சுமந்த இந்தக் கம்பெனியின் கதை அவற்றுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல!

முதல் தொழிற்சாலை மாடியில் இருந்தது தெரியுமா?

ஆமாம், ஃபின்னிஸ்டன் தெருவில் ஒரு கட்டடத்தின் முதல் மாடி. மொத்த வேலையாட்கள் 7 பேர்! முதலீடு 1,300 பவுண்டு. அதற்காகப் பிகர் என்ற சிற்றூரில் இருந்த குடும்பச் சொத்தை அடமானம் வைத்துக் கொடுத்தவர் மர்ரேயின் அப்பா. அந்த நன்றியோ என்னவோ, ஆல்பியனின் பழைய ஆவணங்களை அன்பர்கள் பாதுகாத்து வைத்திருப்பதும் அதே பிகரில்தான்.

முதல் வண்டி மரத்தால் ஆனது தெரியுமா?

1900-ல் வந்த முதல் ஆல்பியன், பார்வைக்குக் குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டியேதான். வார்னிஷ் பூசிய மர உடல், காற்றடிக்காத கெட்டி ரப்பர் டயர், 8 குதிரைத்திறன் கொண்ட இரட்டை சிலிண்டர் இன்ஜின். 1902-லேயே அரை டன் சுமக்கும் வேன் வந்துவிட்டது! மறு வருடம் இடம் போதாமல், கிளைடு ஆற்றங்கரையில் உள்ள ஸ்காட்ஸ்டவுனுக்குக் கம்பெனி குடிபெயர்ந்தது.

நன்றாக ஓடிய கார் வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள் தெரியுமா?

பணக்காரர்கள் கார் வாங்க வரிசையில் நின்ற காலம் அது. ஆல்பியனோ சுமை வண்டிதான் தன் வழி என்று முடிவெடுத்து, 1915-க்குள் கார் தயாரிப்புக்கு முழுக்குப் போட்டது. எவ்வளவு துணிச்சல்! அந்த முடிவுதான் கம்பெனியைக் காப்பாற்றியது. கிளாஸ்கோவைச் சுற்றிக் காரை மட்டும் நம்பியிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, ஆல்பியன் அசையாமல் நின்றது.

சங்கிலியில் ஓடிய லாரி போருக்குப் போனது தெரியுமா?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆல்பியன் கட்டிக்கொடுத்த 3 டன் லாரிகள் ஏறக்குறைய 6,000! இன்ஜின் 32 குதிரைத்திறன். இன்றைய லாரிபோல அடியில் நீள்தண்டு போய்ப் பின் அச்சைச் சுழற்றாது. கியர் பெட்டியிலிருந்து வண்டிக்குக் குறுக்கே ஒரு தண்டு. அதன் இரண்டு முனையிலும் சின்னப் பற்சக்கரம். அங்கிருந்து பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்துக்குச் சங்கிலி. சைக்கிள் செயின் மாதிரியே, ஆனால் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று! போர் முடிந்ததும் இவற்றில் பல, பெஞ்சு பொருத்திய உல்லாசப் பயண பஸ்களாக மறுபிறவி எடுத்தன.

லாரிக் கம்பெனி கைத்துப்பாக்கி செய்தது தெரியுமா?

இரண்டாம் உலகப் போரில் பீரங்கி இழுக்கும் வண்டி, பீரங்கி வண்டியையே ஏற்றிச் செல்லும் ராட்சத டிரக் எல்லாம் இங்கிருந்து போயின. போதாததற்கு 1941 முதல் 1943 வரை ஏறக்குறைய 24,000 என்ஃபீல்டு ரிவால்வர்களும்!

ஒவ்வொரு வண்டியிலும் ஸ்காட்லாந்தே ஓடியது தெரியுமா?

குலத்தலைவரின் பெயரில் 'சீஃப்டன்', பெரிய வாளின் பெயரில் 'கிளேமோர்', எல்லைப்புறக் கொள்ளையரின் பெயரில் 'ரீவர்', பாரம் இழுக்கும் குதிரை இனத்தின் பெயரில் 'கிளைட்ஸ்டேல்'. ரேடியேட்டர் முகப்பில் உதயசூரியன். 'சூரியன் உதிப்பதுபோல் நிச்சயம்' என்பதே கம்பெனியின் முழக்கம்!

பாலத்துக்குப் பயந்து குள்ளமான டபுள் டெக்கர் தெரியுமா?

ரயில் பாலங்கள் தாழ்ந்திருந்த பாதைகளில் மாடி பஸ் போக முடியவில்லை. 1961-ல் ஆல்பியன் இறக்கியது 'லோலேண்டர்'. பின் அச்சைத் தாழ்த்தித் தரையையே கீழே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் டிரைவர் இருக்கை மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தது. அதனால் அவர் தலைக்கு மேலே வரும் மாடி முன்சீட்டுகளை மேடை போட்டு உயர்த்த வேண்டியதாயிற்று! இதில் இன்னொரு வேடிக்கை: ஒரே பஸ் ஸ்காட்லாந்தில் ஆல்பியன், இங்கிலாந்தில் லேலண்ட் என்று இரண்டு பெயரில் விற்றது.

நம் அசோக் லேலண்டுக்கு இது உறவுமுறை தெரியுமா?

1951-ல் ஆல்பியனை வாங்கியது இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸ். அதே லேலண்டுதான் 1950-களிலேயே சென்னை எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸுடன் கைகோத்தது. பிறந்தது அசோக் லேலண்ட்! 1920-களில் ஆல்பியன் தன் பஸ்ஸுக்குச் சூட்டிய 'வைகிங்' என்ற பெயர், பின்னாளில் அசோக் லேலண்டின் பஸ்ஸுக்கும் வந்தது.

ஸ்காட்லாந்தில் கதை வேறு திசையில் போனது. 1972-ல் ஆல்பியன் பெயரை எடுத்துவிட்டார்கள். 1980-ல் ஸ்காட்ஸ்டவுனில் வண்டி தயாரிப்பும் நின்றது. அப்போதும் தொழிலாளர் கை ஓயவில்லை, அச்சுகளையும் உதிரிபாகங்களையும் செய்தார்கள். 1993-ல் நிர்வாகிகளே கம்பெனியை வாங்கி, ஆல்பியன் என்ற பெயரை மறுபடியும் வாசலில் ஏற்றினார்கள்! 1998-ல் அது ஓர் அமெரிக்க அச்சுக் கம்பெனியின் கைக்குப் போனது.

இவ்வளவு சாதித்த ஒரு பெயர், வாகன ரசிகர்களைத் தாண்டி யாருக்கும் தெரியாமல் இருக்கலாமா? அடுத்த முறை வைகிங் பஸ்ஸில் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்!