கற்றாழைக்கு ஏற்ற வெளிச்சம்

சோற்றுக் கற்றாழை வறண்ட நிலத்திலும் வளரும் செடி. ஆகவே எங்கே வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும் எனப் பலர் எண்ணுகின்றனர். வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டினாலும் அது பல நாள் வாடாதிருப்பது உண்மையே. ஆயின், மடலில் சேமித்த நீரைச் செலவிட்டு அது உயிர் தாங்குகிறதேயன்றி, வளர்வதில்லை. வளர்ச்சிக்கு வெளிச்சம் இன்றியமையாதது.

வீட்டினுள் வளர்ப்போர் தொட்டியைக் காலை வெயில் படும் கிழக்குச் சன்னலருகே வைத்தல் நலம். இருண்ட மூலையில் மடல்கள் வெளுத்து, மெலிந்து, நீண்டு சாயும். அங்கே மண்ணும் விரைவில் உலராது; அடிக்கடி நீர் வார்த்தால் வேர் அழுகிவிடும். எனவே வெளிச்சம் குறைந்த இடத்தில் நீரையும் குறைத்தல் வேண்டும்.

வெளியில் வளர்ந்து பழகிய கற்றாழை முழு வெயிலையும் தாங்கும். எனினும், நிழலில் இருந்த செடியைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் மடல்கள் சிவந்து கருகும். முதலில் காலை வெயிலில் 1 மணி நேரம் வைத்து, நாள்தோறும் சிறிது கூட்டி, 2 வாரங்களில் பழக்குதல் வேண்டும். சிவந்த மடல் நிழலுக்கு வந்தபின் பெரும்பாலும் பசுமை பெறும். கருகிய பகுதி மீளாது.

கொல்லையில் இடமுள்ளோர் முருங்கை போன்ற மரத்தின் மென்னிழலில் நட்டால், கடுங்கோடையிலும் செடி செழித்து நிற்கும்.