நீர்க்கட்டியா, திடக்கட்டியா?

மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில், நீருக்குள் ஒலியைச் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியால் மீன்கூட்டம் நிற்கும் ஆழத்தை அறியும் கருவி உண்டென்பது அவ்வூர் ஸ்திரீகளுக்குப் புதிய செய்தியன்று; அவர்களுடைய மார்பகத்தில் தட்டுப்படும் கட்டியின் தன்மையை வைத்தியர் ஆராய்வதும் இதே தத்துவத்தைக் கொண்டுதான். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரின் கடற்படை விமானத் தளத்தில் ராடார் பயிற்சிக்கென வைத்திருந்த மீயொலிக் கருவியைக் கொண்டு திசுக்களை ஆராயப் புகுந்த ஜான் வைல்ட் என்னும் ஆங்கிலேய சஸ்திர வைத்தியர், ஜான் ரீட் என்ற பொறியியலாளருடன் சேர்ந்து, 1950-களின் தொடக்கத்திலேயே மார்பகக் கட்டியை எதிரொலிச் சித்திரமாகக் காட்டினார்.

ஜெல் தடவிய மார்பின்மேல் வைக்கும் கைக்கருவியிலிருந்து வினாடிக்கு ஒரு கோடி அளவில் அதிரும் ஒலி புறப்பட்டு, வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் உட்சென்று, திசுக்கள் மாறுபடும் எல்லைகளில் மோதித் திரும்புகிறது. நீர்க்கட்டிக்குள் மோதுவதற்கு ஒன்றுமில்லாமையால் அது திரையில் கருமையாகவும், அதன் பின்புறம் பிரகாசமாகவும் தோன்றும். அச்சத்தால் உறக்கமிழந்து வந்த ஒருத்தி, அநேக சமயங்களில் சில நிமிஷங்களிலேயே ஆறுதலோடு திரும்பிவிடலாம். புற்றோ, பெரும்பாலும் விளிம்பு ஒழுங்கற்று, அகலத்தினும் ஆழவாக்கில் மிகுந்து, பின்னால் நிழல் வீழ்த்துவதாக இருக்கும். சந்தேகமிருப்பின் திரையைப் பார்த்தபடியே ஊசி செலுத்தித் திசுவைச் சிறிது எடுப்பார்கள். முடிவான தீர்ப்பு அந்தத் திசுச் சோதனைக்கே உரியது.

சுரப்பித் திசு அடர்ந்த இளவயது மார்பகம் மாம்மோகிராம் என்னும் எக்ஸ்-ரே படத்தில் வெண்மையாகத் தெரிவதால், அதே வெண்மையுடைய கட்டி அதில் மறைந்துவிடக்கூடும். ஜப்பானில் 2007-இல் தொடங்கி, நாற்பதுகளில் இருந்த சுமார் 73,000 ஸ்திரீகளிடம் நடத்திய ஆராய்ச்சியில், மாம்மோகிராமுடன் மீயொலி ஸ்கேனும் சேர்ந்தபோது புற்றைக் கண்டறியும் திறன் 77 சதவீதத்திலிருந்து 91 சதவீதமாக உயர்ந்தது. வீண் சந்தேகங்களும் கூடவே பெருகின. நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களைக் காண்பதில் மாம்மோகிராமே மேம்பட்டதாகையால், ஒன்றுக்கு மற்றொன்று பதிலாகாது.

இந்த ஸ்கேனை ஊர்தோறும் கொண்டுசெல்ல நம் தேசத்துக்கே உரிய தடை ஒன்றும் உண்டு. ஸ்கேனில் பாலறிந்து கருவிலேயே பெண்மகவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் இயற்றிய சட்டம், ஸ்கேன் கருவிகளைப் பதிவுசெய்யக் கட்டாயமாக்கி, அவற்றை வெளியே எடுத்துச் செல்வதற்குக் கடும் நிபந்தனைகளை விதிக்கிறது. அச்சட்டம் மிகவும் அவசியமானது. ஆயினும் மேற்புறத்திலிருந்து சில சென்டிமீட்டர் ஆழம்வரை காண்பதற்கென்றே அமைந்த மார்பகக் கருவி, கருப்பையின் ஆழத்தை ஆராய ஏற்றதன்று. அதை மட்டும் பொருத்திய இயந்திரங்களுக்குத் தனி விதி வகுத்தால், களமசேரியிலுள்ள கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையம் போன்ற ஸ்தாபனங்களின் மேற்பார்வையில், வைப்பின் தீவிலும் கும்பளங்கியிலும் முகாமுக்கு வரும் ஒருத்தியின் கட்டியை அங்கேயே பரிசோதித்துவிட முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.