வெங்காய விலையும் ஏற்றுமதித் தடையும்

விளைச்சல் மண்ணையும் நீரையும் பொறுத்தது. விலையோ அரசின் வர்த்தகக் கொள்கையையும் பொறுத்தது. இதற்குப் பெரிய வெங்காயம் நல்ல எடுத்துக்காட்டு.

2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதித்தது. டிசம்பர் 8-இல் ஏற்றுமதியையே தடை செய்தது. நுகர்வோருக்கு விலை ஏறாமல் தடுப்பதே நோக்கம். வெளிநாடு செல்ல வேண்டிய சரக்கு உள்நாட்டில் தேங்கியது. மகாராஷ்டிரத்தின் லாசல்கான் சந்தையில் விலை சரிந்தது.

அப்போது சந்தைக்கு வந்தது மழைக்காலப் பயிர். இக்காயில் ஈரப்பதம் அதிகம். நீண்ட நாள் தாங்காது. ஆகவே கிடைத்த விலைக்கு விற்பதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. தடை 2024 மே மாதம் நீங்கியது. வரி 2025 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டது.

நடவு முதல் அறுவடை வரை சுமார் நூறு நாட்கள். அதற்குள் கொள்கை மாறலாம். எனவே விவசாயப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. நடவு நாளன்றுள்ள விலையை நம்பி நிலம் முழுவதும் வெங்காயம் நடவேண்டாம். மழைக்காலத்தில் ஒரு பகுதியில் மட்டும் நடுங்கள்.

2. கோடையில் அறுவடையாகும் காயை, தாள் சாய்ந்தபின் பறித்து, நிழலில் நன்கு உலர்த்தி, காற்றோட்டமுள்ள பட்டறையில் சேமியுங்கள். விலை இறங்கினாலும் சில வாரம் பொறுத்து விற்கலாம்.

3. ஏற்றுமதி வரி பற்றிய செய்திகளையும் மழைச் செய்தி போலவே கவனித்து வாருங்கள்.