தோட்டத்தில் பெருச்சாளி: விஷம் ஏன் வேண்டாம்?

தானிய மொத்தச் சந்தை இருக்கும் நவி மும்பை வாஷியில் பெருச்சாளிக்குத் தீனிப் பஞ்சமில்லை. செடியடியில் ஒரே இரவில் மண் குவிந்தால் அதன் வேலையாக இருக்கலாம்.

விஷம் ஏன் பலிப்பதில்லை? புதுத் தீனியை அது கொஞ்சமாகத்தான் கடித்துப் பார்க்கும். துத்தநாக பாஸ்பைடு தின்று பிழைத்துக்கொண்டால், மறுபடி அதைத் தொடாது. ரத்தத்தை உறையவிடாத விஷமோ கொல்லச் சில நாள் எடுக்கும். அதற்குள் தடுமாறும் எலியைத் தின்னும் கூகைக்கும் ஆபத்து. எலி பிடிக்கும் பறவையை நாமே கொல்வது பெரிய அநியாயம்.

எப்படிப் பிடிப்பது? மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருக்கும் வளையருகே தேங்காய்க் கீற்றோடு கூண்டு வையுங்கள். மதிலோரம் இரண்டடி ஆழத்துக்குக் கம்பிவலை புதைத்தால் தோண்டி நுழைவது கடினம். குப்பைத்தொட்டிக்கு மூடி கட்டாயம். இல்லையென்றால் காலியான வளைக்கு அடுத்தது குடிவரும். கூண்டைக் கையுறையோடு மட்டும் தொடுங்கள். பெருச்சாளியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.