எழுத்தில்லாத மார்பு

வர்ணமும் வரலாறும் – 9

கால்பந்துக் கழகங்கள் பிறந்த காலத்தில் அவற்றின் உடைக்கு வர்ணம் எவ்வாறு வாய்த்தது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். நூறாண்டுக்கு மேலாக இரண்டு நியமங்களைக் காத்துவந்த ஒரு கழகம், பத்தே ஆண்டுகளில் இரண்டையும் கைவிட்டு, அவற்றுள் ஒன்றை மட்டும் மீட்டுக்கொண்ட சரித்திரத்தை இவ்வாரம் சொல்ல எண்ணுகிறேன். அது ஸ்பெயின் தேசத்தின் கட்டலோனியா மாகாணத்தில், கடலோர நகரமான பார்சிலோனாவில் விளங்கும் கழகம். உலகமெங்கும் அதற்குக் கோடிக்கணக்கான அபிமானிகள் இருந்தபோதிலும், சட்டப்படி அதன் சொந்தக்காரர்கள் ஆண்டுச் சந்தா செலுத்தித் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களே. ஆகையால் அக்கழகத்தின் சட்டையைப் பற்றிய விவாதம் ஒரு குடும்பத்துச் சொத்தைப் பற்றிய விவாதத்தைப் போன்றது என்பதை வாசகர்கள் முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும்.

1899ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி, சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய காம்பர் என்ற இளைஞர் சில நண்பர்களுடன் கூடி அக்கழகத்தைத் தொடங்கியபோது, ஆட்டக்காரர்கள் அணிந்த சட்டை ஒரு பாதி நீலமும், மறுபாதி மாதுளை முத்தையொத்த கருஞ்சிவப்புமாக இருந்தது. அவ்விரு வர்ணங்களை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குக் கதைகள் பல உண்டு. காம்பர் முன்பு ஆடிய பாசல் நகரக் கழகத்தின் வர்ணங்கள் அவை என்பாரும், கணக்கர்கள் ஒரு முனையில் நீலமும் மறுமுனையில் சிவப்புமாகக் கையாண்ட பென்சிலிலிருந்து வந்தவை என்பாரும் இன்றும் இருக்கிறார்கள். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த இரண்டு பாதிகளும் பல நெடும்பட்டைகளாகப் பிரிந்தன. பட்டைகளின் அகலம் காலத்துக்குக் காலம் மாறியது, எண்ணிக்கையும் மாறியது. ஆனால் நீலமும் சிவப்பும் சந்திக்கும் கோடு, பாதியாக இருந்த காலத்திலும் சரி, பட்டையாக ஆன காலத்திலும் சரி, கழுத்திலிருந்து இடுப்பை நோக்கி நேராகவே இறங்கியது. இது முதல் நியமம். ஆட்டக்காரனின் மார்பில் எந்த வியாபாரியின் பெயரும் எழுதப்படுவதில்லை என்பது இரண்டாவது.

இரண்டாவது நியமத்தின் அருமையை உணர, மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் 1979லேயே ஹிட்டாச்சி என்ற பெயரை மார்பில் ஏற்றது. பார்சிலோனாவின் பரம வைரியான ரியல் மாட்ரிட் 1982ல் ஜனூசி என்ற பெயரை ஏற்றது. ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் ஏறக்குறைய அனைத்தும் சட்டையின் முன்புறத்தை வருமானத்துக்குரிய நிலமாகக் கருதத் தொடங்கி ஒரு தலைமுறை கழிந்த பின்பும், பார்சிலோனா அந்நிலத்தைத் தரிசாக விட்டுவைத்திருந்தது. அந்தத் தரிசே அதன் கௌரவமாயிற்று. 2006 மே 17 அன்று பாரிஸ் நகரையடுத்த ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில், கொட்டும் மழையில், ஆர்சனல் கழகத்தின் கோலுக்குப் பின்தங்கி நின்று, பிறகு எட்டோவும் பெல்லெட்டியும் அடித்த கோல்களால் 2–1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை ஏந்தியபோது, அவர்களுடைய சட்டையின் முன்புறத்தில் கழகத்தின் முத்திரையும், தைத்துக் கொடுத்த நைக் நிறுவனத்தின் சிறு குறியுமே இருந்தன. எழுத்தில்லாத மார்போடு அவர்கள் ஏந்திய கடைசி ஐரோப்பியக் கோப்பை அதுவே.

அதே ஆண்டு செப்டம்பரில், தலைவர் லபோர்ட்டாவின் நிர்வாகம் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்புடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டது. நீல சிவப்புப் பட்டைகளின்மீது மஞ்சள் எழுத்தில் அந்த ஸ்தாபனத்தின் பெயர் முதன்முதலாகத் தோன்றியது. அவ்வாறு எழுதிக்கொள்வதற்காகக் கழகம் பணம் பெறவில்லை. ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ தானே கொடுத்தது. தென்னாப்பிரிக்காவையடுத்த ஸ்வாசிலாந்து போன்ற நாடுகளில், எய்ட்ஸ் நோயின் நிழலில் வளரும் குழந்தைகளின் பராமரிப்புக்கு அப்பணம் சென்றது. விற்க மறுத்த இடத்தைத் தானமாக வழங்குவது எத்தனை உயர்ந்த செயல் என்று உலகம் வியந்தது. நானும் வியந்தேன், இன்றும் அந்த வியப்பிலிருந்து பின்வாங்கவில்லை. ஆயினும், தர்ம காரியத்துக்கேயென்றாலும், மார்பில் எழுதலாம் என்ற வழக்கம் அன்றுதான் பிறந்தது என்ற உண்மையையும் சரித்திரம் எழுதுகிறவன் மறைக்கக்கூடாது.

அந்த ஐந்தாண்டுகளில் உடையின் அமைப்பிலும் புதுமைகள் நிகழ்ந்தன. 2008–09 பருவத்தில், பட்டைகளை நீக்கிவிட்டு, ஆதிகாலத்தைப் போலவே பாதி நீலமும் பாதி சிவப்புமான சட்டையை நைக் தந்தது. 1999ல் கழகத்தின் நூற்றாண்டு விழாவுக்கும் இதே அமைப்பைத்தான் தந்திருந்தார்கள். குவார்தியோலா பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு அது. லீக், அரசர் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை என்ற மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற அந்த அணியின் படங்களில், ஆட்டக்காரர்கள் தங்கள் பாட்டன்மாரின் சட்டையை அணிந்து நிற்கிறார்கள். புதுமை என்பது பழமையின் ஞாபகத்திலிருந்தே எழும்பொழுது ஜனங்கள் அதை அந்நியமாக எண்ணுவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

வெளியூர் ஆட்டங்களுக்குரிய மாற்றுச் சட்டையின் விஷயம் வேறு. அதில் தையற்காரருக்குப் பூரண சுதந்திரம் உண்டு. அப்பத்தாண்டில் ஆரஞ்சு, இளம் பச்சை, கறுப்பு என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வர்ணம் வந்து போனது. 2012ல் மஞ்சளும் ஆரஞ்சும் அந்திவானம்போல ஒன்றிலொன்று கரையும் சட்டையும் வந்தது. எவரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ஏனெனில் மாற்றுச் சட்டை பிரயாணத்துக்கு அணியும் உடை, வீட்டுக்குரிய உடை அன்று. 1992ல் வெம்ப்ளி அரங்கில் ஆரஞ்சுச் சட்டையணிந்து முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர்கள், கோப்பையை வாங்கப் படியேறுமுன் நீல சிவப்புச் சட்டைக்கு மாறிக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் இந்த பேதம் விளங்கும். 2013ல் மாத்திரம், மஞ்சள் தரையில் சிவப்புக் கோடுகள் ஓடும் கட்டலோனியக் கொடியையே மாற்றுச் சட்டையாக்கினார்கள். தனி நாடு வேண்டுமென்ற கோரிக்கை அம்மாகாணத்தின் வீதிகளில் லட்சக்கணக்கான தொண்டைகளிலிருந்து எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1714ல் நகரம் வீழ்ந்த ஞாபகமாக, ஆட்டத்தின் 17 நிமிடம் 14 விநாடியில் கழகத்தின் சொந்த அரங்கமான காம்ப் நோ முழுவதும் சுதந்திர கோஷம் எழுப்பிய நாட்களில், பிரயாணத்து உடையும் வீட்டின் பிரகடனமாயிற்று.

இனி, மார்பின் கதைக்குத் திரும்புவோம். 2010ல் ரொசெல் தலைவரானபோது கழகத்தின் கடன் 40 கோடி யூரோவைத் தாண்டியிருந்ததாகப் புதிய நிர்வாகம் கணக்குக் காட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் கத்தார் பவுண்டேஷனுடன் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி யூரோ என்ற அளவில் ஒப்பந்தமாயிற்று. யோஹான் கிரைஃப், அக்கழகத்துக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் பெருமை தேடித்தந்தவர், அதைக் கடுமையாகக் கண்டித்தார்; உறுப்பினர்களின் பேரவையோ மறு ஆண்டு அதை அங்கீகரித்தது. 2011 மே 28 அன்று, மான்செஸ்டர் யுனைடெட்டை 3–1 என்று வென்ற மாலையில், அதற்கு இரண்டு மாதங்களுக்குமுன் ஈரலில் கட்டியகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அபிதால், அணித்தலைவர் புயோலிடமிருந்து தலைமைக் கைப்பட்டையைப் பெற்று, வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பையை உயர்த்தினார். யுனிசெஃப்பின் பெயர் முன்புறத்தில் விளங்கிய பெருமைக்குரிய இறுதிக் காட்சி அது. அடுத்த பருவத்தில் அப்பெயர் முதுகின் கீழ்ப்புறத்துக்குச் சென்றது. மார்புக்குக் கத்தார் பவுண்டேஷன் வந்தது. அதுவாவது கல்விப் பணி செய்யும் ஸ்தாபனம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டவர்களுக்கு, 2013ல் அவ்விடம் கத்தார் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனிக்குச் சென்றபோது அந்த ஆறுதலும் இல்லாமற் போயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் சட்டையின் உட்புறம் இன்டெல் கம்பெனிக்கும், 2014ல் கைப்பகுதி பெக்கோ கம்பெனிக்கும் போயின. தானமாகப் பிறந்த வழக்கம், தரும ஸ்தாபனத்தின் வழியாக வியாபாரத்தை அடைவதற்கு ஏழே ஆண்டுகள் போதுமாயிருந்தன.

இத்தனை மாற்றங்களையும் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்ட ஜனங்கள் பொறுக்க மறுத்த மாற்றம் 2015ல் வந்தது. பெர்லினில் யுவென்டஸை வென்று மீண்டும் மூன்று பட்டங்களையும் சேர்த்துக்கொண்ட கோடைக்குப் பின், வரலாற்றில் முதன்முறையாகக் கோடு படுத்துக்கொண்டது. நீலமும் சிவப்பும் அதே நீலமும் சிவப்பும்தாம். ஆனால் பட்டைகள் குறுக்கே ஓடின. பாவுக்குரிய வர்ணத்தை ஊடுக்கு மாற்றினால் நூல் ஒன்றேயானாலும் துணி வேறாகிவிடுவதை நெசவாளி அறிவான். காம்ப் நோவில் அமர்ந்த முதியவர்களும் அவ்வாறே அறிந்தார்கள். குறுக்குப் பட்டை ஸ்காட்லாந்தின் செல்டிக்குக்கு உரியது, ஸ்பெயினிலேயே கிரனாடாவுக்கு உரியது. அவர்களுக்கு அது பாரம்பரியம், தங்களுக்கோ வேஷம் என்பதே அவர்களுடைய வழக்கு. அவ்வருஷம் தோல்வி நிறைந்த வருஷமன்று. சுவாரஸ் லீகில் மட்டும் 40 கோல்கள் அடித்தார். லீகும் அரசர் கோப்பையும் கைக்கு வந்தன. வெற்றிகூட அச்சட்டையை அன்புக்குரியதாக்க முடியவில்லை.

கோட்டின் திசையே மாறும் நிலை ஏன் வந்தது என்பதற்குச் சட்டையின் ஆயுளைப் பார்க்கவேண்டும். 1992ல் அறிமுகமான சட்டை மூன்று பருவங்கள் நீடித்தது. பையன் ஒருவன் அதை வாங்கினால், சட்டை சிறிதாகும்வரை அணிந்து, தம்பிக்குக் கொடுத்தான். நாம் பேசும் அப்பத்தாண்டிலோ ஆண்டுக்கொரு சட்டை என்பது விதியாயிற்று. ஆண்டுதோறும் விற்பதற்கு ஆண்டுதோறும் வேறுபாடு வேண்டும். வேறுபாட்டைத் தேடித் தேடிப் பட்டையின் அகலத்தையும் சாயலையும் தீர்த்துவிட்டவர்கள், முடிவில் திசையில் கைவைத்தார்கள். குற்றம் ஒரு சித்திரக்காரருடையதன்று. பழகுவதற்கு அவகாசம் தராத அந்த வேகத்தினுடையது.

2016 கோடையில் நெடும்பட்டைகள் திரும்பின. ஒப்பந்தப் பேச்சு முடியாதிருந்தமையால், புதிய சட்டையை அறிமுகம் செய்த நாளில் அதன் மார்பில் எந்தப் பெயரும் இல்லை. நேரே இறங்கும் கோடும் எழுத்தில்லாத மார்பும், பத்தாண்டுக்கு முன் பாரிஸ் மழையில் நனைந்த அந்தச் சட்டையைப் போலவே, சில வாரங்களுக்கு ஒருங்கே காட்சி தந்தன. ஜூலையில் விமானக் கம்பெனியின் ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு வேறொரு கம்பெனி வந்தது. கோட்டைத் திருத்துவதற்கு ஒரு தையற்காரரும் ஒரு கோடைகாலமும் போதும். மார்பை மீட்பதற்கோ, அதன் விலையில்லாமலே வாழ்ந்துகாட்டும் மனவுறுதி அந்த லட்சம் உறுப்பினர்களுக்கும் ஒருசேர வரவேண்டும். கோட்டுக்காக எழுந்த குரல் மார்புக்காகவும் அதே வலிமையுடன் எழுந்திருக்கலாகாதா என்ற ஏக்கம், அந்தச் சில வாரத்துப் படங்களைப் பார்க்கும்பொழுதெல்லாம் எனக்கு உண்டாகிறது.

(தொடரும்)